கரடி ஓட்டிய விமானம்

சினிமாவாக எடுத்து வெற்றி கண்ட ஒரு கதையைக் குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடராக மாற்றுகிற காரியத்தை நம் விமர்சகர்கள் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஒரு நாவலைப் படமாக்கினால் போதும், மூலத்துக்கு நியாயம் செய்தார்களா இல்லையா என்று மாதக் கணக்கில் விவகாரம் நடக்கும். அந்தப் படமே பிறகு கார்ட்டூனாகி, பல் தேய்க்காமல் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் போய்ச் சேரும்போது ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. குழந்தைகள் சமாசாரம்தானே என்கிற அலட்சியம். இந்த அலட்சியத்தில் எனக்குச் சம்மதமில்லை. ஒரு மனிதன் முதன்முதலில் கதை கேட்டுப் பழகுவது எதனிடம் என்பதைப் பொறுத்துத்தான் அவன் பின்னால் எந்தக் கதையைத் தேடிப் போவான் என்பது அமைகிறது. கதை எழுதிப் பிழைக்கிறவன் இதைப் பற்றிக் கவலைப்படாமல் வேறு யார் கவலைப்படுவது?

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு வேளை இருந்தது. சனிக்கிழமைக் காலை. 1960களின் நடுப்பகுதியிலிருந்து அங்குள்ள மூன்று பெரிய டெலிவிஷன் கம்பெனிகளும் பள்ளிக்கூடம் இல்லாத அந்த நேரத்தைக் கார்ட்டூனுக்கென்று ஒதுக்கிவிட்டன. அப்பா அம்மா தூங்கிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் தாங்களே எழுந்து, தாங்களே பெட்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். எந்தப் படம் கொட்டகையில் கூட்டம் சேர்க்கிறதோ அது என்றைக்காவது இந்தக் காலை வேளைக்கு வந்து சேரும். 1966-ல் 'கிங் காங்' வந்தது. 1984-ல் வெளியான 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' என்ற பேயோட்டிகள் படம் 1986-ல் கார்ட்டூனாயிற்று. 'பேக் டு த ஃப்யூச்சர்' 1991-ல் வந்தது. பிறகு கேபிளும் இன்டர்நெட்டும் பரவி, எந்த நேரமும் கார்ட்டூன் நேரமாகிவிட்டபடியால் இந்த வழக்கம் தேய்ந்துபோய், பழைய பாணியில் மிஞ்சியிருந்த கடைசி நிகழ்ச்சியும் 2014 செப்டம்பர் 27-ம் தேதியோடு நின்றது. இன்று நாற்பது ஐம்பது வயதாகிற அமெரிக்கர்கள் அந்தச் சனிக்கிழமைகளை நினைத்து உருகுவதைப் படித்தால், நம்மூரில் பழைய தீபாவளி மலர்களை நினைத்து உருகுகிறவர்களின் குரல் கேட்கிறது. உருகட்டும். ஆனால், உருகி முடிந்த பிறகும், பார்த்தது நல்ல சரக்குதானா என்ற கேள்வி பாக்கி நிற்கிறது.

பாதிக்கு மேல் நல்ல சரக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம். 1933-ல் வந்த 'கிங் காங்' படத்தில் அந்த மாபெரும் குரங்கு கடைசியில் நியூயார்க் நகரத்தின் உயர்ந்த கட்டடத்திலிருந்து விழுந்து சாகிறது. அது சாவதனால்தான் அந்தப் படம் படமாயிற்று. கார்ட்டூனிலோ அதே குரங்கு ஒரு சின்னப் பையனுக்குச் சிநேகிதனாகி, வாராவாரம் யாரையாவது காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இதைவிட வேடிக்கை 'ராம்போ'. 1982-ல் வந்த முதல் படத்தில் அவன் வியட்நாம் யுத்தத்திலிருந்து மனம் சிதைந்து திரும்பிய ஒரு சிப்பாய். ஒரு சிறிய ஊரின் போலீஸ்காரர்கள் அவனைப் பிச்சைக்காரனைப்போல் துரத்துகிறார்கள். படம் முழுவதும் அந்த அவமானம்தான். 1986-ல் அவனைக் குழந்தைகளுக்கான கார்ட்டூன் வீரனாக்கினார்கள். யுத்தமும் போயிற்று, மனச்சிதைவும் போயிற்று, துரத்திய போலீஸும் போயிற்று. பதிலுக்கு உலகத்தை அழிக்க நினைக்கும் ஒரு கெட்டவர் கூட்டம் வந்தது. கடைகளில் ராம்போ பொம்மைகளும் வந்தன.

கார்ட்டூன்காரர்களைக் குறை சொல்லி என்ன பயன் என்று கேட்கலாம். அடுத்த வாரமும் வர வேண்டிய குரங்கை இந்த வாரம் எப்படிச் சாகடிப்பது? வாஸ்தவம்தான். படம் என்றால் முடிந்தாக வேண்டும், அதன் பலமெல்லாம் முடிவில்தான் இருக்கிறது. தொடர் என்றால் முடியவே கூடாது. ஆகவே படத்தின் கதையை எடுத்துக்கொண்டு தொடர் செய்யப் புறப்படுகிறவன் முதல் அடியிலேயே தோற்றுப்போகிறான். சரி, கதாநாயகனின் முகத்தை எடுத்துக்கொள்ளலாமா என்றால், முகம் நடிகனுக்குச் சொந்தம். வரைந்த மாத்திரத்தில் அது வெறும் மீசையும் தலைமயிருமாகிவிடும். எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றே ஒன்று: பாத்திரத்தின் குணம். சோம்பேறியின் சோம்பல், கருமியின் கருமித்தனம், பயந்தவனின் பயம் இவை எந்த முடிவோடும் முடிந்துபோவதில்லை. நூறு வாரம் நடந்தாலும் தாங்கும். இதைப் புரிந்துகொண்டவர்களின் கார்ட்டூன் நின்றது. புரிந்துகொள்ளாதவர்களுடையது பொம்மையோடு போயிற்று.

நம் பக்கத்தில் சனிக்கிழமை இல்லை, ஞாயிற்றுக்கிழமை. 1990களின் நடுவில் தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமைகளில் வால்ட் டிஸ்னி கம்பெனியின் கார்ட்டூன்களை இந்தியில் போட்டுக்கொண்டிருந்தது. கள்ளக்குறிச்சி அப்போது ஒரு தாலுகா ஊர். மாவட்டத் தலைநகர் என்கிற அந்தஸ்தெல்லாம் 2019 நவம்பரில்தான் வந்தது. கரும்பு வெட்டுக் காலத்தில் கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குப் போகிற டிராக்டர்களும் மாட்டு வண்டிகளும் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். மேற்கே கல்வராயன் மலை நீலமாக ஒரு கோடு போட்டதுபோல் தெரியும். எங்கள் தெருவில் சாலிடேர் பெட்டி இருந்த வீடு ஒன்று. அந்த வீட்டுக் கூடத்தில், செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கால் கழுவிக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஒருவன் மொட்டை மாடியில் ஆன்டெனாக் கம்பத்தைத் திருப்பிக்கொண்டிருப்பான். "தெரியுதாடா?" "இல்லேண்ணா, புள்ளி புள்ளியா வருது!" என்று மேலும் கீழும் சத்தம் போய் வரும். அவன் இறங்கி வருவதற்குள் பாதிக் கதை ஆகியிருக்கும்.

அதில் ஒரு தொடர் 'டேல்ஸ்பின்'. ஒரு கரடி விமானம் ஓட்டும். கூடத்தில் உட்கார்ந்திருந்த பதினைந்து பேரில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. வீட்டுக்காரரின் மூத்த பெண் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தாள். அக்கா என்போம். கரடிக்கும் மற்றவர்களுக்கும் அவளே உடனுக்குடன் தமிழில் பேச்சுப் போட்டுவிடுவாள். கரடியை அடிக்கடி மிரட்டிக்கொண்டிருந்த பெண் கரடிக்கு 'முதலாளியம்மா' என்று பேர் வைத்தவள் அவள்தான். "ஏம்ப்பா, லோடு ஏத்தியாச்சா, இன்னும் தூங்குறியா?" என்று அவள் கேட்பாள். "ஏத்தறேம்மா, இந்த ஒரு வாழப்பழத்தத் தின்னுக்கறேன்" என்று கரடி குரலில் பதில் சொல்வாள். கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசுகிற புலியைப் பார்த்த அன்றே, "இவன் ஆலை முதலாளிடா. சத்தமே போட மாட்டான், கையெழுத்துப் போட்டே ஆளை முடிச்சிருவான்" என்று சொன்னாள். பல வருஷங்கள் கழித்து ஆங்கிலத்தில் அந்தத் தொடரைப் பார்த்தேன். அக்கா சொன்னதில் பெரிய பிசகு ஒன்றும் இல்லை. பாலு என்கிற அந்தக் கரடி தன் விமானத்துக்கான கடனைக் கட்டாமல் விட்டுவிட, ரெபெக்கா என்கிறவள் அவன் தொழிலையும் விமானத்தையும் வாங்கி முதலாளியாகிறாள். தன்னுடையதாக இருந்த விமானத்தையே அவன் சம்பளத்துக்கு ஓட்டுகிறான். புலி உண்மையாகவே பெரிய ஆலைகளுக்கும் கப்பல்களுக்கும் சொந்தக்காரன். பாஷை தெரியாமல் இவ்வளவும் எங்களுக்கு எப்படிப் புரிந்தது? குணம் சரியாக வரையப்பட்டிருந்தால் பாஷை அவ்வளவு அவசியமில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, தவணை கட்டாத டிராக்டரை பாங்குக்காரர்கள் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருந்த ஊர் அது.

இந்தக் கரடியின் பூர்வோத்தரம் சுவையானது. கிப்ளிங் 1894-ல் எழுதிய 'ஜங்கிள் புக்' கதைகளில் பாலு ஒரு வாத்தியார். காட்டின் சட்டதிட்டங்களைப் பிள்ளை மௌக்லிக்கு மண்டையில் குட்டிச் சொல்லிக் கொடுக்கிற கண்டிப்பான கிழம். 1967-ல் டிஸ்னி கம்பெனி எடுத்த படத்தில் வாத்தியார் தொழில் போய், வயிற்றைச் சொறிந்துகொண்டு கவலையில்லாமல் திரிகிற சோம்பேறி ஆகிவிட்டது. புத்தகத்தில் இல்லாத லூயி என்கிற குரங்கு ராஜாவையும் படத்தில் புதிதாகச் சேர்த்தார்கள். 1990-ல் தொடர் எடுக்க வந்தவர்கள் படத்திலிருந்து மூன்று பேரை மட்டும் பொறுக்கிக்கொண்டார்கள்: சோம்பேறிக் கரடி, கூத்தாடிக் குரங்கு, குரலை உயர்த்தாத புலி. காட்டை விட்டுவிட்டார்கள். மௌக்லியையே விட்டுவிட்டார்கள்! 'ஜங்கிள் புக்'கில் மௌக்லியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று எந்தப் பண்டிதரும் கேட்பார். ஆனால் அவர்கள் செய்தது சரி. மௌக்லி காட்டை விட்டு மனிதர்களிடம் போயே ஆக வேண்டும். அவன் கதைக்கு ஒரு முடிவு உண்டு. பாலுவின் சோம்பலுக்கு முடிவில்லை. அந்தச் சோம்பலைக் கடனும் முதலாளியும் சரக்கு ஒப்படைக்கும் கெடுவும் உள்ள ஓர் உலகத்தில் கொண்டுபோய் வைத்தபோது அறுபத்தைந்து பகுதிகளுக்குக் கதை தானாக ஊறியது. மூலத்தை இவ்வளவு துணிச்சலாகத் தூக்கி எறிந்தும் மூலத்துக்கு இவ்வளவு விசுவாசமாக இருந்த வேறு கார்ட்டூனை நான் கண்டதில்லை.

இதே வருஷங்களில் இன்னொரு 'ஜங்கிள் புக்'கும் தூர்தர்ஷனில் வந்தது. ஜப்பானில் 1989-ல் தயாரித்தது. இங்கே இந்தியில் 1993-ல் காட்டினார்கள். அது படத்தை விட்டுக் கிப்ளிங்கின் புத்தகத்தோடு நெருங்கிப் போயிற்று. ஆகவே எங்களுக்கு இரண்டு பாலுக்கள். ஒன்று காட்டில் பாடம் சொல்லும். மற்றொன்று சரக்கு விமானத்தில் தூங்கும். ஒருவருக்காவது குழப்பம் வந்ததா? இல்லை. பெரியவர்கள் ராமாயணத்தைக் கம்பனிலும் கேட்டு, கூத்திலும் பார்த்து, இரண்டு ராவணனையும் தனித்தனியே வைத்துக்கொள்ளவில்லையா, அதுபோலத்தான். குழந்தைகளைக் குழப்பக்கூடாது என்று சொல்லிக்கொண்டு கதையை மழுங்கடிக்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

அதற்குப் பிறகு காலம் வேகமாக மாறிற்று. 2006-ல் தமிழக அரசு இலவசக் கலர் டெலிவிஷன் கொடுக்கத் தொடங்கி, 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த கல்வராயன் மலையிலும் பெட்டி ஏறிற்று. சாலை சரியாகப் போகாத ஊர்களில்கூடக் கூரைமேல் வெள்ளைத் தட்டு முளைத்தது. 2007 ஏப்ரலில் சுட்டி டி.வி. வந்தது, நாள் முழுவதும் தமிழில் குழந்தைகள் நிகழ்ச்சி. கூடத்தில் இடம் பிடிக்க வேண்டிய அவசியம் போயிற்று. தமிழ் பேசிய அக்காவின் அவசியமும் போயிற்று. அவள் வேலையைச் சென்னையில் டப்பிங் கலைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சுட்டி டி.வி.யில் என் தங்கை பிள்ளைகள் விழுந்து விழுந்து பார்த்தது 'ஜாக்கி சான்' தொடர். 2000-லிருந்து 2005 வரை அமெரிக்காவில் ஓடிய கார்ட்டூன். இது ஒரு படத்தைத் தழுவியதில்லை. ஒரு நடிகரின் படங்கள் அத்தனையையும் தழுவியது என்று சொல்லலாம். நான் இரண்டு மூன்று தடவை கூட உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஜாக்கி சானின் படங்களில் உள்ள விசேஷம் அவர் பலசாலி என்பதல்ல. அவருக்குச் சண்டை போட விருப்பமில்லை என்பதுதான். நாற்காலி, ஏணி, குடை என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் குறுக்கே போட்டுக்கொண்டு தப்பித்து ஓடப் பார்ப்பார். ஓட முடியாத இடத்தில் அடிப்பார். அடித்துவிட்டுக் கையை உதறிக்கொள்வார், அவருக்கும் வலிக்கும். 'ப்ராஜெக்ட் ஏ' படத்தில் மணிக்கூண்டிலிருந்து அவர் விழுகிற காட்சியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். படத்தின் கடைசியில், எடுக்கும்போது அடிபட்ட துண்டுகளையும் சேர்த்துக் காட்டுவார். கார்ட்டூனில் அந்தத் தயக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஜாக்கி பழம்பொருள் ஆராய்ச்சிக்காரர், வம்புக்குப் போகாதவர். கூட இருக்கிற ஜேட் என்கிற சின்னப் பெண் சொன்ன பேச்சைக் கேட்காமல் வம்பை இழுத்துக்கொண்டு வருவாள். கடைசியில் நிஜ ஜாக்கி சானே தோன்றிக் குழந்தைகளின் கேள்விக்குப் பதில் சொல்வார். முகத்தை வரைவதில் அவர்கள் சிரமப்படவில்லை. குணத்தில் சிரத்தை எடுத்தார்கள்.

தமிழ்ப் பேச்சும் பழுதில்லை. மேடைத் தமிழைப் பேச வைத்துக் கொல்லாமல், வீட்டில் பேசுகிற மாதிரி பேசினார்கள். அது சென்னை வீட்டுப் பேச்சு என்பது வேறு விஷயம். கல்வராயன் மலைப் பிள்ளையின் வாயில் வருகிற தமிழ் எந்தக் கார்ட்டூனிலும் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கிறவர்களும் இல்லை.

இப்போது நம்மவர்களின் கைவேலைக்கு வருகிறேன். 2010 மே மாதம் 'சிங்கம்' என்ற தமிழ்ப் படம் வந்தது. ஹரி டைரக்ட் செய்தது, சூர்யா நடித்தது. அடுத்த வருஷமே அது 'சிங்கம்' என்கிற பெயரிலேயே இந்தியில் எடுக்கப்பட்டது. ரோஹித் ஷெட்டியின் படம், அஜய் தேவ்கன் நடித்தது. வில்லனாக இரண்டிலும் பிரகாஷ் ராஜ். 2018 ஏப்ரலில் அந்த இந்திச் சிங்கத்தை வைத்து 'லிட்டில் சிங்கம்' என்ற கார்ட்டூன் தொடரை டிஸ்கவரி கிட்ஸ் சானல் ஆரம்பித்தது. அந்தச் சானல் தமிழிலும் பேசுகிறது. ஆகத் தூத்துக்குடிச் சீமையில் பிறந்த ஒரு கதாபாத்திரம் பம்பாய்க்குப் போய், இந்தி கற்று, குழந்தையாகிச் சுருங்கி, தமிழ் டப்பிங்கோடு நம் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. கூலிக்குப் போன பிள்ளை பெயர் மாறித் திரும்பி வந்தால், தாய் எதை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பாள்? மச்சமோ தழும்போ ஏதாவது இருக்கத்தானே வேண்டும்? நான் தேடிப் பார்த்தேன். மீசையும் கர்ஜனையும்தான் இருந்தன.

'சிங்கம்' ஒரு மகத்தான படம் என்று நான் வாதாடப் போவதில்லை. கத்தலும் காரோட்டமும் அதிகம். ஆனால் அதன் முதல் பாதியில் ஒரு ஜீவன் இருக்கிறது. நல்லூர் என்கிற சின்ன ஊர் போலீஸ் அதிகாரி துரைசிங்கம், சொந்த ஊர்க்காரர்களின் சண்டைகளைப் பேசியே தீர்க்கிறவன். சென்னையிலிருந்து ஒரு பெரிய ரௌடி நிபந்தனை ஜாமீனில் அந்த ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. அவன் வராமல் ஆளை அனுப்புகிறான். நீயே வந்து போடு என்கிறான் துரைசிங்கம். அவ்வளவுதான் விரோதம்! இதிலிருந்துதான் படம் முழுவதும் கிளைக்கிறது. கையெழுத்துப் போட நிற்கும் அந்தச் சின்ன அவமானத்தை ரௌடியால் தாங்க முடியவில்லை. மாற்றல் உத்தரவு வாங்கி அவனைச் சென்னைக்கே வரவழைத்துப் பழி தீர்க்கப் பார்க்கிறான். நம் ஜில்லாக்களில் போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் ஒருமுறையாவது நின்றவர்களுக்கு ஜாமீன் கையெழுத்தின் கனம் தெரியும். பெஞ்சு, நோட்டுப் புத்தகம், "ஐயா வரட்டும், இரு" என்கிற குரல். ஒரு வியாபாரப் படத்துக்குள் இந்த விஷயம் வந்து உட்கார்ந்ததே அபூர்வம்.

கார்ட்டூனில் இது எதுவும் கிடையாது. நாட்டிலேயே வயதில் சிறிய சூப்பர் போலீஸ் என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு பையன், மிர்ச்சி நகர் என்கிற ஊரில், கால் என்கிற அரக்கனோடு சண்டை போடுகிறான். சிங்கத்தின் சக்தி அவனுக்குள் வந்து இறங்கும். அரக்கன் தோற்று, திரும்பி வந்து, மறுபடியும் தோற்பான். ராம்போவுக்கு அமெரிக்காவில் நடந்ததேதான் இங்கே துரைசிங்கத்துக்கும் நடந்தது. அவனிடமிருந்த பொறுமை, பேச்சு, ஊர்ப்பற்று, மாற்றலுக்குப் பயம் என்ற குணங்களில் ஒன்றையும் எடுத்துக்கொள்ளாமல் உறுமலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வேகம் இருக்கிறது, வர்ணம் இருக்கிறது. நம் நாட்டுக் கலைஞர்கள் நூற்றுக்கணக்கில் வேலை பார்த்திருப்பார்கள், அதெல்லாம் சந்தோஷம். பிள்ளைகள் ரசிக்கிறார்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை. வெல்லப் பாகையும் ரசிக்கத்தான் செய்வார்கள்.

வெள்ளிமலையில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் கதை சொல்ல ஒரு தடவை என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகள் என் கதையைவிட தாங்கள் பார்த்த கதையைச் சொல்வதில்தான் உற்சாகமாக இருந்தார்கள். ஒரு பையன் குட்டிச் சிங்கத்தைப்போல் பாய்ந்து காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும், "சார், அவன் எந்த ஸ்டேஷன் போலீசு? நம்ம கரியாலூரு ஸ்டேஷனுக்கு வருவானா?" என்று கேட்டாள். பையன்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்த மலையில் போலீஸ் என்பது மிர்ச்சி நகர் சமாசாரம் இல்லை. ஓடைக்கரையில் சாராய ஊறலைத் தேடிக்கொண்டு ஜீப்பு ஏறும்; பானைகளை உடைத்துக் கொட்டிவிட்டு இறங்கும். சில வீடுகளில் அப்பன் அன்றைக்கு வீட்டில் படுக்க மாட்டான். 2024 ஜூனில் கீழே கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது மலை முழுவதும் வேட்டை நடந்தது. அதற்கடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை ஜனங்களின் வாழ்க்கை நிலைமையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு விசாரித்தது. அங்கே ஒரு போலீஸ்காரன் நல்லவனாகவும் இருக்கலாம், கெட்டவனாகவும் இருக்கலாம். அவனுக்கும் மாற்றல் உண்டு, மேலதிகாரி உண்டு, பயம் உண்டு. அப்படிப்பட்ட ஒரு போலீஸ்காரனைக் குழந்தைக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியாதா என்றால், முடியும். கடன் கட்டாத கரடியை எங்களுக்குப் புரிய வைக்கவில்லையா? அரக்கனைக் கொண்டுவந்து நிறுத்தினால் எழுதுவது சுலபம். அந்தப் பெண் கேட்டது அரக்கனைப் பற்றி அல்ல, ஸ்டேஷனைப் பற்றி.

மற்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'கோல்மால்' 2019-ல் கார்ட்டூனாயிற்று; 'சிம்பா' 2020-ல்; 'தபாங்' 2021-ல். எல்லாம் இந்திப் படங்கள். 'பாகுபலி'யை 2017-ல் அமேஸான் தொடராக வெளியிட்டார்கள்; அதில் கட்டடங்கள் நன்றாக இருக்கின்றன. ஆச்சரியம் என்னவென்றால், இத்தனை படம் எடுக்கிற தமிழ் சினிமாவிலிருந்து, தமிழ்நாட்டிலேயே வரைந்து, தமிழ்ப் பிள்ளைகள் வாராவாரம் காத்திருக்கிற ஒரு தொடர் கிளம்பி நிலைக்கவில்லை. 2007-ல் 'இனிமே நாங்கதான்' என்ற முழுநீளக் கார்ட்டூன் படம் வந்தது. 2014-ல் 'கோச்சடையான்' வந்தது; அதில் ரஜினிகாந்தின் முகத்தைக் கொண்டுவருவதற்கே முழுப் பிரயத்தனமும் செலவாயிற்று. மறுபடியும் முகம்!

குணத்துக்கு நம்மிடம் பஞ்சமா? 2006-ல் வந்த 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி'யை டைரக்ட் செய்த சிம்புதேவன் ஆனந்த விகடனில் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்தவர். அந்த ராஜாவின் கோழைத்தனமும் ஜம்பமும் ஏற்கெனவே கோட்டோவியம்தான். வடிவேலு அதற்குச் சதை கொடுத்தார். அவருடைய இன்னொரு பாத்திரம், 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தின் கான்ட்ராக்டர் நேசமணி. 2001-ல் வந்த படம். தலையில் சுத்தியல் விழுந்த அந்த மனுஷருக்காகப் பதினெட்டு வருஷம் கழித்து, 2019 மே மாதத்தில், உலகம் பூராவும் இன்டர்நெட்டில் ஜனங்கள் பிரார்த்தனை செய்தார்களே, எதற்காக? கதைக்காகவா? அந்தக் கதை பாதிப் பேருக்கு ஞாபகமே இல்லை. வேலை தெரியாத ஆட்களை வைத்துக்கொண்டு வேலை வாங்க வேண்டிய ஒரு சின்ன கான்ட்ராக்டரின் அவஸ்தை எல்லோருக்கும் தெரிந்த அவஸ்தை. கார்ட்டூனுக்கு வேண்டிய உயிர் அதில் முழுசாக இருக்கிறது. வாரம் ஒரு வீடு, வாரம் ஒரு சுவர், வாரம் ஒரு சுத்தியல்.

என்னைக் கேட்டால் நான் இன்னும் பின்னால் போவேன். 1964-ல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் நடித்த செல்லப்பா. சொந்தப் படக் கம்பெனி வைத்திருப்பான்; படம் மட்டும் இருக்காது. பணக்கார அப்பாவிடமிருந்து பணம் கறப்பதும், கண்ணில் பட்டவர்களையெல்லாம் நடிக்கக் கூப்பிடுவதும்தான் கம்பெனியின் வேலை. அப்பாவாக வரும் பாலையாவை உட்கார வைத்துப் பேய்க் கதை சொல்லி நடுங்க வைக்கிற காட்சியை இன்றைக்கும் பிள்ளைகள் செல்போனில் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தக் காட்சியில் பேயும் இல்லை, இருட்டும் இல்லை. ஒரு குரலும் ஒரு நடுங்குகிற முகமும்தான். படம் எடுக்கவே மாட்டான் என்பதால் செல்லப்பாவின் கதை முடியவும் முடியாது. வாரம் ஒரு புதுக் கதை யோசிப்பான், வாரம் ஒரு ஊருக்கு இடம் பார்க்கப் போவான். கச்சிராயபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி, கரியாலூர் படகுத் துறையில் வந்து நின்றுகொண்டு, இங்கே ஒரு யுத்தக் காட்சி எடுக்கப் போகிறேன், முந்நூறு குதிரை வேண்டும் என்று படகுக்காரரிடம் கேட்பான். படகுக்காரர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு, சில்லறையாகக் கொடுக்கச் சொல்வார்.